கப்பலூரில் நான் சொன்ன தப்பான பதில்

கோயில், அருவி, பரோட்டாக் கடை என்று எழுதிக்கொண்டிருந்த இந்த வலைப்பூவில் முதல்முறையாக ஒரு வகுப்பறைக்குப் போய் வந்ததை எழுதுகிறேன். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு மாதம் குழம்பினேன். இப்போதும் குழப்பம் தீரவில்லை. இதுபோன்ற வகுப்புகளுக்கு உதவப் போக நினைப்பவர்கள் என் முட்டாள்தனத்தைத் திரும்பச் செய்யாமல் இருந்தால் போதும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அழைத்தவள் ஜெசிந்தா. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. இப்போது மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியை, கே.கே. நகரில் வீடு. சனிக்கிழமைகளில் கப்பலூருக்குப் போய் பதினான்கு பெண்களுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் நடத்துகிறாள். எட்டிலோ ஒன்பதிலோ படிப்பை நிறுத்திவிட்டு அங்குள்ள சின்னச் சின்னத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போனவர்கள். பதினாறிலிருந்து இருபது வயது. நான்கு பேர் ஏற்கெனவே தாய்மார்கள். எல்லாரையும் தனித்தேர்வர்களாகப் பரீட்சை எழுத வைத்துவிடுவது என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மாதம் இரண்டு சனிக்கிழமை கிராம செவிலியர் ஒருவரும் வந்து உடம்பைப் பற்றிப் பேசுவார்.

"நீ லேப்லதான வேலை பாக்குற? ரத்தம், இரும்புச்சத்துன்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போடி. ஊர் சுத்துறதுல இதையும் சேத்துச் சுத்து" என்றாள் போனில்.

நான் சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். வகுப்பை முடித்துவிட்டு மாலையில் திருப்பரங்குன்றம் குடைவரைக் கோயிலைப் பார்த்து ஒரு பதிவு தேற்றிவிடலாம் என்பது என் கணக்கு. பொங்கல் கழிந்த அடுத்த வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் ரயில் ஏறினேன். படுக்கை வகுப்பு 315 ரூபாய். காலை 5.40க்கு மதுரை.

ஸ்டேஷனிலிருந்து கே.கே. நகர் ஐந்தரை கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 250 கேட்டு 180க்கு இறங்கினார். "கே.கே. நகர்ல எங்கக்கா?" என்றார். "ஆர்ச் பக்கத்தில்" என்றேன். "எந்த ஆர்ச்சு? இங்கன தடுக்கி விழுந்தா ஒரு ஆர்ச்சுலதான விழணும்" என்றார். அன்றைக்கு மதுரை என்னிடம் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஜெசிந்தாவின் ஸ்கூட்டரில் முன்னாலும் பின்னாலும் நோட்டுக் கட்டுகள். எனக்கு இடமில்லை. "பஸ்ஸுல வந்துரு. பெரியார்ல எறங்கி திருமங்கலம் பஸ் ஏறு" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். 9.05க்கு டவுன் பஸ் ஏறி 9.35க்குப் பெரியார். அங்கிருந்து கப்பலூர் பதினைந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் பெண்கள் வகுப்புக்கு வர முடிவதே இதனால்தான் என்று ஜெசிந்தா பிறகு சொன்னாள். கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்தபடியே, "கப்பலூர்ல டோல்கேட்டா, பாலமா, எஸ்டேட்டாக்கா?" என்றார். நான் விழித்தேன். பின்சீட்டு அம்மா ஒருவர், "புள்ள முழிக்கிறதப் பாத்தா எஸ்டேட்டுதான்" என்று முடிவு செய்தார். எப்படி என்று எனக்குத் தெரியாது. சரியாகத்தான் இருந்தது.

10.20. எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டைச் சாலையிலிருந்து நானூறு மீட்டர் உள்ளே ஒரு சிறிய தேவாலயம். அதன் பின்னால் தகரக் கூரை போட்ட கூடம்தான் வகுப்பு. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் எல்லாருடைய போனும் கிடந்தது. வகுப்பு முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்பது ஜெசிந்தாவின் சட்டம். டீச்சருக்கும் அதே சட்டம். உள்ளே பாய் விரித்துப் பதினான்கு பேர். சத்யா என்று ஒரு பெண், பத்தொன்பது வயது, மடியில் எட்டு மாதக் குழந்தையோடு இயற்கணிதம் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை ஒரு கையால் நோட்டைப் பிடுங்க, மறு கையால் அதைத் தடுத்துக்கொண்டே கணக்கை முடித்தாள். எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

அன்றைக்கு இரண்டு வேலைகள். ஒன்று, மதியம் பரீட்சை விண்ணப்பத்தை நிரப்புவது. திங்கட்கிழமை ஜெசிந்தா அதை மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். தவறவிட்டால் அந்த வருடம் போச்சு. இன்னொன்று, செவிலியரின் கேள்வி நேரம். கேட்க வெட்கப்படுகிற கேள்விகளைப் பேர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார்கள். செவிலியர் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துப் பதில் சொல்வார்.

11.10 ஆகியும் செவிலியரைக் காணோம் என்று ஜெசிந்தா தன் சட்டத்தைத் தானே மீறிக் கூடையில் கிடந்த போனைப் பார்த்தாள். அவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. திருப்பரங்குன்றத்தில் அவர் வண்டி பஞ்சர். ஜெசிந்தா சாவியை எடுத்தாள். "நான் போயி நர்சம்மாவக் கூட்டிட்டு வாரேன். நீ சீட்டெல்லாம் வாங்கி வை. அம்புட்டுதான்."

அம்புட்டுதான் என்று அவள் சொன்னதை நான் கேட்டேன். காதில்தான் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பதினோரு சீட்டுகள் டப்பாவில் விழுந்ததும் எனக்கு ஆர்வக்கோளாறு வந்துவிட்டது. சுலபமானவற்றுக்கு நாமே பதில் சொன்னால் என்ன? அந்த மூன்று நாளும் பரீட்சை வந்தால் வயிற்றுவலிக்கு என்ன செய்வது, நாப்கினை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ரத்தசோகைக்கு எந்தக் கீரை. எல்லாம் எனக்குத் தெரிந்தவை. நன்றாகவே பதில் சொன்னேன். இரண்டு பேர் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

ஐந்தாவது சீட்டு. பென்சிலில், குண்டு குண்டான கையெழுத்தில்: "தலைக்கு ஊத்தி மூணு மாசமாச்சு. பரீட்சை எழுத விடுவாங்களா?"

சத்தமாக வாசித்தேன். சிரிப்பு வந்தது. தண்ணீர் கஷ்டமோ, சளித் தொல்லையோ என்று நினைத்தேன். "ஏம்மா, மூன்று மாதமாகவா? முதலில் தலைக்கு ஊற்றுங்கள். அப்புறம் பரீட்சையைப் பற்றி யோசிக்கலாம். பக்கத்தில் உட்காருகிறவர்கள் பாவம் இல்லையா?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பதினான்கு பேரும் பாயைப் பார்த்தார்கள். சத்யா மட்டும் நிமிர்ந்து, "அக்கா, நீங்க மெட்ராஸா?" என்று கேட்டாள். என் உடையைப் பார்த்துக் கேட்கிறாள் என்று நினைத்துப் பெருமையாக ஆமாம் என்றேன். "அதான்" என்று சொல்லிவிட்டு அவள் குழந்தைக்கு மூக்கைத் துடைத்தாள்.

12 மணிக்கு ஜெசிந்தாவும் நர்சம்மாவும் வந்தார்கள். நர்சம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இருக்கிற சீட்டுகளை எடுத்து, கூச்சமே இல்லாத குரலில், கத்திரிக்காய் விலை சொல்வதுபோல எல்லாவற்றையும் விளக்கினார். நான் பதில் சொன்ன சீட்டுகளைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை. சொல்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்று நம்பினேன். 1.15க்குத் தக்காளிச் சாதம். 1.45க்கு விண்ணப்பம் நிரப்பும் வேலை தொடங்கியதும் நான் விடைபெற்று, சாலைக்கு வந்து, திருப்பரங்குன்றம் போகும் ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்க்கு ஏறினேன்.

எனக்கு எதிரே இரண்டு பெண்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயது. ஒருவர் கையில் காய்கறிப் பை.

"மருமக வரலையா?"

"அவ எங்கிட்டு வர்றது? தலைக்கு ஊத்தி ரெண்டு மாசமாச்சு. வண்டியில ஏறுனாலே குமட்டுதுங்குறா."

"அடி ஆத்தி! இம்புட்டு நல்ல சேதிய இம்புட்டு மெதுவாவா சொல்லுவ?"

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். குளிக்காமல் இருப்பதில் என்ன நல்ல சேதி என்று ஒரு நொடி யோசித்தேன். பிறகு காலையில் வாசித்த சீட்டு நினைவுக்கு வந்தது. "அக்கா, தலைக்கு ஊத்தலைன்னா என்ன?" என்று கேட்டேன்.

"முழுகாம இருக்கா தாயி. நீ எந்த ஊரு?" என்றார் பை வைத்திருந்தவர்.

முழுகாமல் இருக்கிறாள். இந்தச் சொல்லை என் அம்மா ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். கர்ப்பம் என்று அர்த்தம். ஆனால் முழுகுவது என்றால் மாதவிலக்கு முடிந்து தலைக்குக் குளிப்பது, குளிக்கவில்லை என்றால் மாதவிலக்கு வரவில்லை என்பதை முப்பத்து நான்கு வயதுவரை நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. தினமும் கர்ப்பப் பரிசோதனை செய்து கையெழுத்துப் போடுகிறவள் நான். கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறவள். அவமானத்தில் காது சுட்டது.

அவமானத்தை விடப் பயம் பெரிதாக வந்தது. அந்தப் பெண் என்ன கேட்டிருக்கிறாள்? கர்ப்பமாக இருக்கிறேன், பரீட்சை எழுத விடுவார்களா என்று. நான் என்ன சொன்னேன்? முதலில் தலைக்கு ஊற்று, அப்புறம் பரீட்சை என்று. அவள் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம்? கலைத்துவிட்டு வா என்றல்லவா!

ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கூடையில் கிடக்கிறது. 2.15க்குத் திருநகரில் இறங்கி, ஒரு ஆட்டோவை 150 ரூபாய்க்கு முழுசாகப் பேசி ஏறினேன். பெண்களின் பஸ் 3.20க்கு. ஆளுக்கு ஒரு ஊர். போய்விட்டால் அடுத்த சனிக்கிழமைதான். ஒரு வாரத்தில் அந்தப் பெண் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

2.40க்குக் கூடத்தின் வாசலில் ஜெசிந்தா விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மாறியது. "ஒன்னைய யாருடி பதில் சொல்லச் சொன்னா? வாங்கி வைன்னுதான சொன்னேன்?" என்றாள். நான் அழ ஆரம்பித்தேன். "அழுகுறத அப்பறம் அழு. ஒருத்தி ஃபாரமே வேணாம்னுட்டா. என்ன காரணம்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறா."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த சத்யா குரலைத் தாழ்த்தினாள். "சாப்புடுறப்ப ஒருத்தி எங்கிட்ட வந்து எந்தக் கடையில மாத்திரை கெடைக்கும்னு கேட்டா டீச்சர். தெரியாதுன்னுட்டேன். பேரு மட்டும் கேக்காதீங்க."

"ஏன் எங்கிட்ட அப்பவே சொல்லல?" என்றாள் ஜெசிந்தா.

"அந்தக்காதான் அப்புடிச் சொன்னாங்க. நீங்க கூட்டியாந்த ஆளு. தெரிஞ்சுதான் சொல்றாங்களோன்னு எனக்கே கொழம்பிருச்சு."

நான் உள்ளே போய் ஃபாரம் வேண்டாம் என்றவளைக் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கக் கிளம்பினேன். நர்சம்மா தடுத்தார். "நீங்க இப்ப அவ பக்கத்துல போனீங்கன்னா ஊருக்கே தெரியும். பேர் போடாமத்தான கேட்டுச்சு புள்ள? எல்லாருக்கும் சேத்துச் சொல்லுங்க. பாத்துச் சொல்லாதீங்க."

சுவர் ஓரமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளைப் பார்க்கக்கூடாது. மற்றவர்களைப் பார்த்தால் அவளை விட்டுவிட்டுப் பார்ப்பது தெரிந்துவிடும். வேறு வழியில்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினேன். "காலையில் ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன். உங்கள் பேச்சு எனக்குப் புரியவில்லை. குளியலைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்."

பிறகு மூலையில் ஒருத்தி பொத்துக்கொண்டு சிரித்தாள். அது கூடம் முழுக்கப் பரவியது. "அப்ப நெசமாவே ஷாம்பு போடச் சொன்னீங்களாக்கா?" என்றாள் ஒருத்தி. ஆமாம் என்றேன். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியதுதான்.

பிறகு நர்சம்மா பதில் சொன்னார். "கர்ப்பமா இருந்தாலும் பரீட்சை எழுதலாம். யாரும் தடுக்க முடியாது. புள்ள வேணும்னாலும், வேணாம்னாலும், என்ன செய்யுறதுன்னு தெரியலைன்னாலும் ஆஸ்பத்திரியில வந்து பேசு. கடையில வாங்கி முழுங்காத. உசுருக்கு உத்தரவாதம் கெடையாது."

3.05 ஆனது. எல்லாரும் பையைக் கட்டினார்கள். சுவர் ஓரத்துப் பெண் எழுந்து, எங்களைத் தாண்டி வாசல்வரை போய், செருப்பைக் காலில் மாட்டினாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தாள்.

பாண்டீஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். அது அவள் பெயரல்ல. பதினேழு வயது. ஏழு மாதத்துக்கு முன் கல்யாணம். நர்சம்மாவிடம்தான் பேசினாள். நான் விலகப் போனேன். "அந்தக்காவும் இருக்கட்டும்" என்றாள்.

"பரீட்சை ஏப்ரல்ல. அப்ப எனக்கு ஆறு மாசம். மூணு மணி நேரம் பெஞ்சுல உக்கார முடியுமா?"

"முடியும். நடுவுல எந்திரிச்சு நிக்கணும்னா கேட்டுக்கலாம். டீச்சர் சொல்லி வைப்பாங்க."

"ஆஸ்பத்திரியில பதிஞ்சா போலீசு வருமா?"

நர்சம்மா அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். "பதினெட்டு ஆகலைன்னா நாங்க சொல்லித்தான் ஆகணும் தாயி. பொய் சொல்ல மாட்டேன். பதியாம இருந்தா ஒனக்கு ரத்தம் எம்புட்டு இருக்கு, பிரஷர் எம்புட்டு இருக்குன்னு யாரு பாக்குறது?"

"அவரைப் புடிச்சுட்டுப் போயிருவாங்களா?"

"தெரியலம்மா. விசாரிப்பாங்க. நான் கூட நிப்பேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பதினேழு வயதில் கட்டிவைத்தது தப்பு, சட்டம் சரி என்று பஸ்ஸில் வரும்போது யாராவது கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பயந்து ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மாத்திரைக் கடையைத் தேடுகிறாள் என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டேன். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

பாண்டீஸ்வரி ஜெசிந்தா பக்கம் திரும்பினாள். "டீச்சர், ஃபாரத்தக் குடுங்க." குனிந்து எழுதத் தொடங்கி, முதல் வரியிலேயே நின்றாள். "இனிஷியல் எங்கப்பாவோடதா, அவரோடதா?"

"பள்ளிக்கூட டி.சி.ல என்ன இருக்கோ அது" என்றாள் ஜெசிந்தா.

3.20 பஸ் மற்றவர்களோடு போய்விட்டது. அடுத்தது 4.05. அதுவரை ஜெசிந்தா, நர்சம்மா, சத்யா, பாண்டீஸ்வரி, நான் என்று ஐந்து பேரும் வாசலில் நின்றோம். சத்யாவின் குழந்தையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். திருப்பரங்குன்றம் கோயிலைப் பார்க்கவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. பெரியாரிலிருந்து திருமங்கலம் போகும் டவுன் பஸ்கள் அடிக்கடி இருக்கின்றன. நாற்பத்தைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், எந்த நிறுத்தம் என்பதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும், மாலை நான்குக்குப் பிறகு போவதே நல்லது. எனக்கு இதுவும் தெரிந்திருக்கவில்லை. இந்த மாதிரி வகுப்புகளுக்கு நீங்களாகப் போய் நிற்காதீர்கள், நடத்துகிறவர்கள் கூப்பிட்டால் போங்கள். போட்டோ எடுக்காதீர்கள். இனிப்பு வாங்குவதற்குப் பதில் நோட்டும் கணித உபகரணப் பெட்டியும் வாங்கிப் போங்கள். முக்கியமாக, ஒரு கேள்வி சிரிப்பாகத் தோன்றினால் வாயை மூடிக்கொண்டு, இதற்கு இங்கே என்ன அர்த்தம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். படித்தவள் என்ற நினைப்பு எனக்கு அன்று கண்ணை மறைத்துவிட்டது.

பாண்டீஸ்வரி பதிவு செய்துகொண்டாள். விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். நர்சம்மா சொன்னபடி கூட நின்றார். புகுந்த வீட்டில் யாரும் அவளோடு பேசுவதில்லை, இப்போது சின்னம்மா வீட்டில் இருக்கிறாள். அவள் கணவன் வழக்குக்காக அலைகிறான். அவள் அழுதாள் என்று ஜெசிந்தா சொன்ன அன்று எனக்குத் தூக்கமில்லை. ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது என்று சொன்ன அன்று சந்தோஷமாக இருந்தது. நான் திரும்பிப் போனது நல்லதா கெட்டதா என்று கேட்டால் நல்லது என்றுதான் சொல்வேன். சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

இதை எழுதலாமா என்று அவளிடமே போனில் அனுமதி கேட்டேன். பின்னால் குக்கர் விசில் அடித்தது. வரலாற்றுப் பாடத்தில் ஏதோ படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எழுதுங்கக்கா. பேரு வேணாம். அப்பறம் அந்தப் புள்ளத்தாச்சி, புள்ளத்தாச்சின்னு எழுதாதீங்க. இங்க எல்லாரும் அப்புடித்தான் கூப்புடுறாங்க."

"சரி. வேறு எப்படி எழுதட்டும்?"

"பத்தாவது படிக்கிற புள்ளைன்னு எழுதுங்க."